வாசிகசாலையில் பொதுப் பாவனைக்கு ஐந்து கொம்பியூட்டர்: ஒருவர் எழும்பிப் போனபின் அவருடைய எதுவும் மிஞ்சாமல் இருக்க என்ன செய்யலாம்?

படுவான்கரை_வாசிகசாலை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். ஒரு விண்ணப்பம் அனுப்ப, ஒரு பெறுபேறு பார்க்க என்று டவுனுக்குப் போய் வந்தால் அரை நாள் முடிந்துவிடும். அதனால் வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பிய காசில் வாசிகசாலையில் ஐந்து பாவித்த கொம்பியூட்டர் வாங்கி வைத்தோம். எல்லாமே இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. யாரும் வரலாம், காசு இல்லை.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் நடந்ததுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏ.எல் முடித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பம் போடத் தன் ஜிமெயிலைத் திறந்திருக்கிறாள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தை மறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெட்டி போனால் போதும் என்று ஓம் அழுத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்து அதே மேசையில் இருந்த பொடியன்கள் அவளுடைய மின்னஞ்சலுக்குள் போய், அவளுக்குப் படிப்பித்த சேருக்கு அவள் பெயரில் ஒரு கூடாத கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டுக் கதைத்தோம், அழுதார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், சேரும் விளங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாசிகசாலைப் பக்கம் வரவே இல்லை. பொடியன்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து விட்டது நாங்கள்.

எங்களில் யாரும் பெரிய கொம்பியூட்டர் ஆள் இல்லை. ஒவ்வொருவரும் எழும்பிப் போகும்போது பெட்டி அவரை மறந்துவிட வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்.

கல்லடி_கொமினிகேஷன் எழுதியது:

தம்பி, நான் கல்லடியில் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். முந்தி நெட் கஃபே, இப்போது போட்டோகொப்பியும் பிறிண்டும்தான் கூட. எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசொஃப்டே இதற்கென்று ஸ்டெடிஸ்டேட் என்ற ஒன்றைச் சும்மா தந்தது. ரெஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். 2010 முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு வந்த கவலை சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு டீப் ஃப்ரீஸ். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் வேலை சுத்தம். சி டிரைவில் யார் எதைப் போட்டாலும், எதை அழித்தாலும், வைரஸே ஏறினாலும், ரெஸ்டார்ட் பண்ணியதும் நீங்கள் உறைய வைத்த அன்று இருந்த நிலைக்கு வந்துவிடும். இத்தனை வருடம் என் கடை பிழைத்தது அதனால்தான். ஐந்துக்கும் அதைப் போடுங்கள், நிம்மதியாக இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், விண்டோஸ் அப்டேட்டுக்கு என்று கிழமையில் ஒரு நேரம் உறைநிலையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட்டும் ரெஸ்டார்ட்டோடு சேர்ந்து போய்விடும்.

காரைதீவு_மின்ட் எழுதியது:

அண்ணன், டீப் ஃப்ரீஸ் நல்ல சாமான், அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் கடையில் ரெஸ்டார்ட் எப்போது நடக்கிறது? நான் பார்த்த இடங்களில் காலையில் ஒரு தரம், கரண்ட் போனால் இன்னொரு தரம். அப்படியென்றால் காலை 9 மணிக்கு வந்தவர் விட்டுப்போன ஜிமெயில் பின்னேரம் 5 மணி வரை திறந்தே கிடக்கிறது. காலையில் ஒரு கள்ளப் புரோகிராம் ஏறினாலும் அன்று முழுக்க வருகிறவர்கள் தட்டும் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அது எடுத்து வெளியே அனுப்பிவிடும். மாலையில் ரெஸ்டார்ட் பண்ணி அதை அழித்து என்ன பயன், கொண்டு போக வேண்டியதைக் கொண்டு போய்விட்டதே. அது பெட்டியைக் காப்பாற்றுகிறது. தம்பி கேட்பது அந்தக் கதிரையில் வந்து இருக்கிற ஆளைக் காப்பாற்ற.

அதோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்கள் ஐ3 அதற்குள் வராது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் ஊருக்குப் பொதுவான பெட்டியில் அப்படிச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். அதில் விருந்தினர் அமர்வு என்று ஒன்று உண்டு, கெஸ்ட் செஷன். போட்டவுடன் இது அணைத்துத்தான் இருக்கும். லொகின் விண்டோ என்ற செட்டிங்கைத் திறந்து, பயனர் பகுதியில் அதை அனுமதித்தால் போதும். ஒருவர் உள்ளே வரும்போது அவருக்கென்று ஒரு தற்காலிகக் கோப்புறை உருவாகும். அவர் லொக் அவுட் பண்ணியதும் அந்தக் கோப்புறை அப்படியே போய்விடும், பிரவுசர் வரலாறு, குக்கி, டவுன்லோட், டெஸ்க்டொப்பில் விட்ட சி.வி எல்லாம் சேர்த்து. காலை வரை காத்திருக்கத் தேவையில்லை, பெட்டியை ரெஸ்டார்ட் பண்ணவும் தேவையில்லை, அடுத்தவர் வந்து இருப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். உபுண்டுவில் இதே வசதி இருந்தது, 2017இல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்து நிறுத்திவைத்தார்கள். விருந்தினராக வந்தவர் மற்றப் பயனரின் கோப்புகளை எட்டாமல் இருக்கப் போட்ட வேலியில்தான் அந்த ஓட்டை. ஆகவே அந்தப் பெட்டிகளில் நிர்வாகக் கணக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும். அதற்குள் வாசிகசாலைக் கணக்கு வழக்கு, உறுப்பினர் பட்டியல் எதையும் வைக்க வேண்டாம். எடுக்க எதுவும் இல்லாத வீட்டில் வேலி கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை.

அக்கரைப்பற்று_ஐசிடி_மிஸ் எழுதியது:

காரைதீவுத் தம்பி சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் லினக்ஸ் போட்ட இடங்கள் ஏன் ஒரு மாதத்தில் திரும்ப விண்டோஸுக்குப் போகின்றன என்று பார்த்தால், காரணம் பாதுகாப்பே இல்லை. பாமினி எழுத்துரு!

கடிதம், வினாத்தாள், கல்யாணக் கார்ட், சங்கத்து அறிக்கை என்று பழைய கோப்பு பாதிக்கு மேல் பாமினியில்தான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி நிற்கும். வந்தவர் ஃபைல் பழுதாகிவிட்டது என்று பயந்து எழும்பிப் போய்விடுவார். எழுத்துருவை எல்லாப் பயனருக்கும் பொதுவான இடத்தில் முதலே போட்டுவிடுங்கள், வேர்ட்டுக்குப் பதிலாகப் பாவிக்கிற லிபர் ஒஃபீஸில் அழகாகத் திறக்கும். யுனிகோடில் தட்டுவதற்கு ரெங்கநாதன், தமிழ் 99 இரண்டு விசைப்பலகையும் இருக்கட்டும், சிங்களமும் இருக்கட்டும். அம்பாறையில் எங்களுக்கு மூன்றும் வேண்டும்.

இவை எல்லாம் விருந்தினர் அமர்வு அழியும்போது சேர்ந்து அழியுமோ என்று பயப்பட வேண்டாம். மின்ட்டின் செட்டிங் எல்லாம் இருக்கும் ஈடிசி (/etc) கோப்புறைக்குள் கெஸ்ட்-செஷன் (guest-session) என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் ஸ்கெல் (skel) என்ற பெயரில் இன்னொன்று. அதில் நீங்கள் வைப்பதெல்லாம் ஒவ்வொரு புது அமர்விலும் பிரதியாகி வரும். நான் விசைப்பலகை செட்டிங்கையும் டெஸ்க்டொப் குறுக்குவழிகளையும் அப்படித்தான் வைத்தேன்.

பென் டிரைவ் பற்றி யாரும் எழுதவில்லையே. ஷோட்கட் வைரஸ் இன்னும் சாகவில்லை. பிள்ளை பென்னைப் போடுகிறது, கோப்புறைகளுக்குப் பதிலாக அம்புக்குறி போட்ட குறுக்குவழி ஒன்று நிற்கிறது, எல்லாம் போய்விட்டது என்று அழுகிறது. உண்மையில் எதுவும் போகவில்லை. வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு மறைந்த கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் தன்னை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதே பென்னை மின்ட்டில் போட்டால் விண்டோஸ் மறைத்த அந்தக் கோப்புறை சாதாரணமாகத் தெரியும். பிள்ளையின் பாடத்தை அதிலிருந்து எடுத்து, பென்னை ஃபோர்மட் பண்ணிக் கொடுத்துவிடலாம். நான் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் ஃபோர்மட் பண்ணாமல் அப்படியே கொடுத்தனுப்ப வேண்டாம், லினக்ஸில் வைரஸ் ஓடாதே தவிர பென்னில் இருந்துகொண்டு அடுத்த விண்டோஸ் பெட்டிக்குப் பயணம் போகும்.

கல்லடி_கொமினிகேஷன் எழுதியது:

மிஸ் சொன்ன பாமினி விசயம் நூற்றுக்கு நூறு சரி. காரைதீவுத் தம்பியின் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஓம், காலையில் ஒரு தரம்தான் ரெஸ்டார்ட். நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இன்றைக்கு இரண்டாவது மேசையில் போய் இருந்து பார்த்தேன். யாரோ ஒருவரின் ஃபேஸ்புக் திறந்திருந்தது. இனி ஆள் எழும்பியதும் ரெஸ்டார்ட் பண்ணித்தான் அடுத்தவருக்குக் கொடுப்பேன். எஸ்எஸ்டி போட்ட பெட்டி என்றபடியால் பெரிதாகச் சுணங்காது.

விண்டோஸ் தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று. 2016க்குப் பிறகு வந்த விண்டோஸ் ப்ரோவில் ஷேர்ட் பிசி மோட் என்று ஒரு ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. கெஸ்ட் என்று உள்ளே வந்து, வெளியே போனதும் அந்தக் கணக்கே அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் இல்லை.

பழைய_நூலக_ஊழியர் எழுதியது:

மென்பொருள் பற்றி எனக்கு உங்களளவு தெரியாது பிள்ளைகள். நூலகத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் மேசையும் கதிரையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான இடங்களில் திரை எல்லாம் பொறுப்பாளர் பக்கம் பார்த்தபடி வைப்பார்கள், பிள்ளைகள் கூடாதது பார்க்கக் கூடாது என்று. நோக்கம் நல்லது. ஆனால் அதே திரையில் ஒரு தாய் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கக் குடும்ப வருமானம் நிரப்புகிறார், ஒரு பெண் வைத்தியப் பரிசோதனை அறிக்கை திறக்கிறார். ஊர் சின்னது, பின்னால் நிற்கிறவர் சொந்தக்காரர். இதனாலேயே பெண்கள் வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் இரண்டை, பாவிக்கிறவரின் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள், அவை விண்ணப்பம், வங்கி, வைத்தியம் போன்ற வேலைகளுக்கு மட்டும். மற்ற மூன்றும் திறந்த பக்கம் பார்க்கட்டும். கமரா வைப்பதென்றால் வாசலைப் பார்க்கட்டும், விசைப்பலகைக்கு மேலே வேண்டாம், பாஸ்வேர்ட் தட்டும் விரல் அதில் தெரியும்.

வருகைக் கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் நம்பர் என்று எல்லாக் கோடும் போட்டு வைக்கிறார்கள். அடுத்தவர் எழுத வரும்போது முன்னுக்கு வந்த பதினைந்து பேரின் விபரமும் அவர் கண்ணில் படுகிறது. ஒரு பெண் பிள்ளையின் நம்பர் அப்படி யாருக்கோ போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்டவன். பெயரும் நேரமும் மேசை எண்ணும் காணும். பொறுப்பாளர் தன் கையால் எழுதி லாச்சிக்குள் வைக்கட்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே வந்துவிட்டது, நாங்கள் இன்னும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

ஏஎல்_2ம்_முறை எழுதியது:

நான் பாவிக்கிற ஆள். லொக் அவுட் பண்ணுங்கள் என்று சுவரில் ஒட்டி இருக்கும், எதிலிருந்து என்று இருக்காது. பிரவுசரை மூடினால் காணும் என்றுதான் நானும் கன காலம் நினைத்தேன். வட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன், இரவு ஃபோனில் லிங்க்ட் டிவைசஸ் பார்த்தால் அந்தக் கடைக் கொம்பியூட்டர் இன்னும் அதில் நிற்கிறது. ஃபோனிலிருந்தே அதை அழுத்தி லொக் அவுட் பண்ணலாம் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதைச் சுவரில் எழுதுங்கள் அண்ணா. மறந்து வந்தாலும் வீட்டிலிருந்து மூடலாம் என்று தெரிந்தால் அவ்வளவு பயம் வராது.

காரைதீவு_மின்ட் எழுதியது:

தங்கச்சி சொன்னது முக்கியம். கூகுள் கணக்கிலும் அப்படித்தான், பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்கள் என்ற இடத்தில் போய் வெளியேற்றலாம்.

ஃபயர்பொக்ஸுக்கு ஒரு வேலை. பொலிசிஸ் என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பு (policies.json) எழுதி ஈடிசிக்குள் ஃபயர்பொக்ஸ், அதற்குள் பொலிசிஸ் என்ற கோப்புறையில் வைத்தால், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்வியே எழாமல் செய்யலாம். மூடும்போது எல்லாவற்றையும் துடைக்கவும், யாரும் எக்ஸ்டென்சன் ஏற்றாமல் தடுக்கவும் அதிலேயே வரி உண்டு. அந்தப் பிள்ளைக்கு நடந்தது அந்த ஒரு கேள்வியால்தானே. கேட்காவிட்டால் யாரும் ஓம் சொல்லப் போவதில்லை. சரியாக ஏறியதா என்று அபவுட் பொலிசிஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவையை, 1.1.1.3 என்று மாற்றிவிடுங்கள். அது கிளவுட்ஃப்ளேரின் குடும்ப வடிகட்டி, ஆபாசத் தளமும் வைரஸ் தளமும் பெரும்பாலும் திறக்காது, காசும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை அதைத் தாண்டும் வழி கண்டுபிடிக்கும், ஆனாலும் பெரியவர் சொன்ன மாதிரி இரண்டு திரையைத் திருப்பி வைக்க இது தைரியம் தரும். ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்ட் இன்னும் வாங்கிய அன்று இருந்ததுதான் என்றால் முதல் அதை மாற்றுங்கள்.

கல்முனை_ஹாட்வெயார் எழுதியது:

நானும் ஒரு சொல். எல்லாரும் உள்ளுக்கு இருக்கிறதைப் பேசுறீங்க, பெட்டியின் பின்பக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

கீபோர்ட் வயருக்கும் பெட்டிக்கும் நடுவில் விரல் நுனியளவு ஒரு துண்டைக் கொழுவிவிட்டால் தட்டுகிற எல்லாவற்றையும் அது சேர்த்து வைக்கும். மின்ட் என்ன, டீப் ஃப்ரீஸ் என்ன, எதற்கும் அது தெரியாது. பெட்டியை மேசைக்குக் கீழே இருட்டில் வைக்காமல், பின்பக்கம் கண்ணில் படுகிற மாதிரி வையுங்க. காலையில் கதவு திறக்கும்போது ஐந்து பெட்டியின் பின்னாலும் ஒரு தரம் கையைப் போட்டுப் பாருங்க, ஒரு நிமிசமும் எடுக்காது.

பெட்டியைப் போட்டதும் முதலில் ஓடுகிற பயோஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டு, யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாமல் நிறுத்துங்க. இல்லாட்டி ஒரு பென்னைக் கொண்டு வந்து தன்னுடைய சிஸ்டத்தை ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். பல டெஸ்க்டொப்பில் உள்ளே இருக்கிற வட்டப் பட்டரியைக் கழற்றினாலே பயோஸ் பாஸ்வேர்ட் போய்விடும், அதனால் பெட்டி மூடிக்கும் ஒரு சின்னப் பூட்டு. திறப்பு பொறுப்பாளரிடம்.

அப்புறம் இடி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிக்கு எங்கள் கடைக்கு வருகிற பெட்டிகளில் கன பேருக்குப் போனது கரண்ட் வயரால் இல்லை, டெலிஃபோன் வயரால். செம்புக் கம்பி இணைப்பு என்றால் வானம் இருண்டதும் ரவுட்டரிலிருந்து அதைக் கழற்றிவிடுங்க. ஃபைபர் என்றால் அந்தப் பக்கம் பயமில்லை, அது கண்ணாடி. 650 விஏ யூபிஎஸ் ஒரு பெட்டியையும் ஒரு திரையையும் சில நிமிசம் தாங்கும், அதில் லேசர் பிறிண்டரைக் கொழுவ வேண்டாம்.

கல்லடி_கொமினிகேஷன் எழுதியது:

இன்னொரு உண்மையையும் எழுத வேண்டும். இவ்வளவும் சனம் பாவிக்கிற பெட்டிகளைப் பற்றி. என்னுடைய மேசையில் பிறிண்டருக்கு இருக்கிற பெட்டி? எல்லாரும் கடை வட்ஸ்அப்புக்குத்தான் அனுப்புகிறார்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட். நேற்று டவுன்லோட் கோப்புறையைத் திறந்து கீழே இழுத்துக்கொண்டே போனேன், நாலு வருடத்து ஆட்களின் முகம் வந்துகொண்டே இருந்தது. அதில் இப்போது உயிரோடு இல்லாத ஒரு பெரியவரின் அடையாள அட்டையும் இருந்தது. கையெல்லாம் கூசிவிட்டது.

எல்லாவற்றையும் அழித்தேன். வட்ஸ்அப்பில் மறையும் செய்தி என்ற செட்டிங்கை 24 மணித்தியாலம் என்று வைத்தேன், இனி வரும் புது உரையாடல் எல்லாம் ஒரு நாளில் தானாகப் போய்விடும். டவுன்லோட் கோப்புறையைக் கடை மூடும்போது கையால் அழிக்கிறேன். கடை வைத்திருக்கிற மற்றவர்களும் இன்றைக்கே ஒரு தரம் திறந்து பாருங்கள்.

படுவான்கரை_வாசிகசாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை எடுத்தது, நாலு பெட்டி முடிந்துவிட்டது. ஐந்தாவது பெட்டியின் ஹாட் டிஸ்க் பழுது, எஸ்எஸ்டி வாங்கிய பிறகுதான்.

மின்ட் போட்டு விருந்தினர் அமர்வு வைத்தோம். பெட்டியைப் போட்டால் நேரே அதற்குள் போகும்படி லொகின் திரையை நடத்தும் லைட்டிஎம் செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தோம், அதனால் பெரியவர்களுக்கு பாஸ்வேர்ட் கேட்டுத் தடுமாற்றம் இல்லை. மிஸ் சொன்ன ஸ்கெல் கோப்புறை முதல் நாள் வேலை செய்யவில்லை, பெயரில் ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தேன். இரண்டு திரை சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. கொப்பி லாச்சிக்குள். சுவரில் பழைய அறிவித்தலைக் கிழித்துவிட்டு, வட்ஸ்அப்பை ஃபோனிலிருந்து மூடுவது எப்படி என்று படத்தோடு ஒட்டினோம், தங்கச்சி சொன்னபடி.

எங்களுக்கு இடித்தது ஒரு இடம்தான். ஆட்கள் லொக் அவுட் பண்ணாமல் எழும்பிப் போகிறார்கள், சொல்லிச் சொல்லியும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். வரும்போது மேசை எண் எழுதிய மர வில்லை ஒன்று கொடுப்போம். போகும்போது அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் வாசலில் வைத்த பையை எடுக்கலாம். வில்லை கைக்கு வந்ததும் நான் எழும்பிப் போய்த் திரையைப் பார்ப்பேன், லொகின் பக்கம் நிற்காவிட்டால் நானே லொக் அவுட் பண்ணிவிடுவேன். மெனக்கெடத்தான் வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு என்றால் பரவாயில்லை.

முந்தாநாள் ஒரு சின்னப் பிள்ளை வந்து வாசலில் நின்றது. அந்தப் பெரிய பிள்ளையின் தங்கச்சி. அக்காட பேர் இன்னும் அந்தக் கொம்பியூட்டர்ல இருக்கா என்று கேட்டது. கூட்டிக்கொண்டு போய் நாலு பெட்டியிலும் பிரவுசரைத் திறந்து, வரலாற்றுப் பக்கத்தையும் சேமித்த பாஸ்வேர்ட் பக்கத்தையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் வெறும் பக்கம். அது நாலையும் பார்த்துவிட்டு ஐந்தாவது எங்கே என்று கேட்டது. அது அலுமாரிக்கு மேலே கழற்றி வைத்திருக்கிறது, பழைய ஹாட் டிஸ்க் இன்னும் அதற்குள்.

அதனால் கல்முனை அண்ணனிடம் ஒரு கேள்வி. அந்த டிஸ்க் ஓடவில்லை, ஓடாததை எப்படித் துடைப்பது? கழற்றித் தட்டுகளை உடைத்துவிடவா? உங்கள் பதில் வரும் வரை அதை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

கல்முனை_ஹாட்வெயார் எழுதியது:

ஓம் தம்பி, கழற்றுங்க. அந்த மூடிக்கு நட்சத்திர வடிவ ஆணி, டொர்க்ஸ் டிரைவர் வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்குகிற தட்டுத்தான் எல்லாம். சில டிஸ்க்கில் அது உண்மையிலேயே கண்ணாடி, அடித்தால் தூளாகிச் சிதறும், அதனால் சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டு அடியுங்க, கண்ணுக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்க. அந்தத் தங்கச்சி திரும்ப வந்தால் சாக்கை அவிழ்த்து ஒரு தரம் காட்டிவிடுங்க.